ஊஃபர் சோபாவுக்கு மட்டுமா?

நம்ம பக்கம் ஹோம் தியேட்டர் வாங்கப் போறவங்க கடையில கேக்குற முதல் கேள்வி, "ஊஃபர் எத்தனை இஞ்ச் அண்ணாச்சி?" எட்டுன்னு சொன்னா முகம் சுருங்கும். பத்துன்னா யோசிப்பாங்க. பன்னிரண்டுன்னா பில் போடச் சொல்லிருவாங்க. வீட்டுல கொண்டுபோய் வச்சு ஒரு வாரம் ஆனதும், "சத்தம் என்னமோ வருது, ஆனா ஒரே இடத்துல திம்முனு அடைச்ச மாதிரி இருக்கே"ன்னு புலம்பல் ஆரம்பிக்கும். அதுக்குக் கிடைக்கிற வைத்தியம், "பதினஞ்சு இஞ்ச் போட்டுருவமா?"

இந்தப் பதிவுல சொல்ல வர்றதை முதல்லயே சொல்லிடுறேன். ஒரு பெரிய ஊஃபருக்குக் குடுக்கிற காசுல ரெண்டு சின்ன ஊஃபர் வாங்குங்க. ரெண்டையும் இலவசமாக் கிடைக்கிற ஒரு மென்பொருளை வச்சு ஒத்துப்போக வைங்க. இதனால வீடு இன்னும் பலமா அதிரும்னு நான் சொல்ல வரலை. வீட்டுல உக்காந்திருக்கிற எல்லாருக்கும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி கேக்கும். அதுதான் இதுல பெரிய லாபம்னு நினைக்கிறேன். எப்படின்னு விவரமாப் பாப்போம்.

அண்டாத் தண்ணி

பாஸ் ஏன் இடத்துக்கு இடம் மாறுது? கொஞ்சம் இயற்பியல் வாத்தியார் வேலை பாக்கணும், பொறுத்துக்கோங்க :-)

கல்யாண வீட்டுல அண்டா நிறைய தண்ணியை ரெண்டு பேர் தூக்கிட்டு வர்றதைப் பாத்திருப்பீங்க. நடக்கிற ஆட்டத்துல ஒரு ஓரத்துல தண்ணி ஏறும், அதே நேரம் எதிர் ஓரத்துல இறங்கும். அடுத்த அடியில மாத்தி. நடுவுல மட்டும் மட்டம் பெருசா மாறாது. மூடின அறைக்குள்ள பாஸ் சத்தமும் இதையேதான் பண்ணுது. சுவருக்குச் சுவர் மோதித் திரும்புற அலை, சில குறிப்பிட்ட அதிர்வெண்கள்ல நின்ன இடத்துலயே ஆடும். அப்ப சுவர் ஓரத்துல காது இருந்தா இடி மாதிரி கேக்கும். நடுவுல இருந்தா பேருக்குத்தான் கேக்கும்.

எந்தெந்த அதிர்வெண்ணுன்னு கண்டுபிடிக்க ஒரு சுலபமான கணக்கு இருக்கு. சத்தத்தோட வேகத்தை அறையோட நீளத்துல ரெண்டு மடங்கால வகுத்தாப் போதும். 30 டிகிரி வெக்கையில சத்தம் நொடிக்கு ஏறக்குறைய 349 மீட்டர் போகும். தென்காசி, இலஞ்சி, செங்கோட்டைப் பக்கம் சாதாரணமாப் பாக்கக்கூடிய ஒரு ஹாலை எடுத்துக்குவோம். 16 அடி நீளம், 12 அடி அகலம், 10 அடி உயரம். நீளத்துக்கு 36 ஹெர்ட்ஸ். அகலத்துக்கு 48. உயரத்துக்கு 57. சினிமாவுல குண்டு வெடிக்கிறது, கட்டடம் சரியறது, ஹீரோ நடந்து வரும்போது வயித்தைக் கலக்குற அந்த அதிர்வு எல்லாம் இந்த ஏரியாவுலதான் குடியிருக்கு.

இப்ப அந்த ஹால்ல யார் எங்க உக்காருவாங்கன்னு பாருங்க. டிவி ஒரு சுவர்ல. சோபா எதிர்ச்சுவரை ஒட்டி. வீட்டுப் பெரியவர் சோபாவுல. பிள்ளைங்க நடு ஹால்ல பாயை விரிச்சுப் படுத்திருக்கும். 36 ஹெர்ட்ஸ் ஆட்டத்துல சோபா இருக்கிற இடம் அண்டாவோட ஓரம், பாய் இருக்கிற இடம் அண்டாவோட நடு. அதே படம், அதே நொடி. பெரியவருக்கு நெஞ்சு அதிருது. பிள்ளைங்களுக்கு வெடி புஸ்ஸுன்னு போயிருது. பாய் அகலத்துலயும் நடுவுல கிடந்தா 48-உம் போச்சு.

சதுர ஹால் இன்னும் மோசம். 12-க்கு 12 அறையில நீளத்து ஆட்டமும் அகலத்து ஆட்டமும் ஒரே 48-ல வந்து சேந்துக்கும். அந்த ஒரு சுருதி மட்டும் எல்லாப் பாட்டுலயும் மூக்கை நீட்டும்.

ஈக்குவலைசரால ஏன் முடியாது?

"அதுக்குத்தான் ஈக்குவலைசர் இருக்கே, 36-ஐக் குறைச்சுட்டாப் போச்சு"ன்னு சொல்லலாம். குறைச்சுப் பாருங்க. சோபாவுல சரியாகும். பாயில ஏற்கெனவே இல்லாதது இன்னும் இல்லாமப் போகும். சரி, பாய்க்காகக் கூட்டுவோம்னு கூட்டினா சோபாக்காரர் எந்திரிச்சு ஓடிருவார். ஒரே குமிழைத் திருகி ரெண்டு இடத்துக்கும் எதிரெதிரா மருந்து குடுக்க முடியாது.

அதோட, பள்ளம் விழுந்த இடத்தை ஈக்குவலைசரால தூக்குறது ஓட்டைப் பானையில தண்ணி ஊத்துற கதை. அங்க சத்தம் இல்லாததுக்குக் காரணமே, நேரா வர்ற அலையும் சுவர்ல பட்டுத் திரும்புற அலையும் ஒண்ணை ஒண்ணு அழிக்கிறதுதான். நீங்க கூட்டினா ரெண்டும் சேந்து கூடும், சேந்தே அழியும். நடுவுல ஆம்ப்ளிஃபையர்தான் சூடாகும். 3 டெசிபல் கூட்டினா ரெண்டு மடங்கு பவர், 10 டெசிபல் கூட்டினா பத்து மடங்கு பவர்.

அடுத்த வைத்தியம் முட்டை அட்டை. சுவர் பூரா முட்டை அட்டையை ஒட்டிட்டு ஸ்டுடியோ ஆயிட்டதா நினைச்சுக்கிறது ஒரு தமிழ்நாட்டு மரபு! 40 ஹெர்ட்ஸ் அலையோட நீளம் கிட்டத்தட்ட 8.7 மீட்டர். அதுல கால்வாசியே 7 அடிக்கு மேல. ரெண்டு இஞ்ச் அட்டை அதை என்ன செய்யும்? மேல் சுருதியில எதிரொலி கொஞ்சம் மாறலாம். பாஸுக்கு அங்க ஒரு அட்டை இருக்கிறதே தெரியாது.

இதுல நம்ம வீடுகளுக்குன்னு ஒரு தனி வில்லங்கம் வேற. அமெரிக்காவுல வீட்டு உள்சுவர் பெரும்பாலும் மரச்சட்டத்துல ஜிப்சம் பலகை அடிச்சது. பாஸ் பட்டா அது லேசா வளைஞ்சு குடுக்கும், கொஞ்சத்தைத் தின்னுடும். நம்மளது ஒன்பது இஞ்ச் செங்கல் சுவர், மேல கான்கிரீட், கீழ டைல்ஸ் இல்லேன்னா கிரானைட். எதுவும் வளையாது, எதையும் தின்னாது. அதனால அண்டாத் தண்ணி ஆட்டம் நம்ம வீட்டுல இன்னும் பலமா, இன்னும் ரொம்ப நேரம் நடக்கும். வெளிநாட்டு விமரிசனத்தைப் படிச்சு "என்ன அருமையான பாஸ்"னு வாங்கின பெட்டி நம்ம ஹால்ல வந்து பேய் மாதிரி கத்துறதுக்கு இது ஒரு முக்கியக் காரணம்.

ரெண்டாவது ஊஃபர் என்ன செய்யும்?

திரும்பவும் அண்டாவுக்கே வருவோம். ஒரு ஓரத்துலேர்ந்து தண்ணியைக் கையால அமுக்கி அமுக்கி விட்டா ஆட்டம் பிடிக்கும். எதிர் ஓரத்துலேர்ந்து இன்னொருத்தர் அதே தாளத்துல, அதே நேரத்துல அமுக்கினா? இவர் அந்தப் பக்கம் ஏத்தப் பாக்கிறார், அவர் இந்தப் பக்கம் ஏத்தப் பாக்கிறார். ஆட்டம் அடங்கிடும்.

ஊஃபரும் அதேதான். முன் சுவருக்கு நடுவுல ஒண்ணு, பின் சுவருக்கு நடுவுல ஒண்ணு வச்சு ரெண்டுக்கும் ஒரே சத்தத்தைக் குடுத்தா, நீளத்துல வர்ற 36 ஹெர்ட்ஸ் ஆட்டத்தை ஒண்ணை ஒண்ணு அடக்கிடும். ரெண்டும் அகலத்துக்கு நடுவுல இருக்கிறதால 48 ஹெர்ட்ஸ் ஆட்டமும் பிடிக்காது. நீளத்தோட அடுத்த ஆட்டம் 72 ஹெர்ட்ஸும் உயரத்தோட 57 ஹெர்ட்ஸும் தப்பிச்சு வரும். ரெண்டு வில்லன்ல ரெண்டு பேரும் அவுட், ரெண்டு அடியாள் பாக்கி. நல்ல கணக்குதானே?

இது நான் உக்காந்து கண்டுபிடிச்சது இல்லை. ஹர்மான் நிறுவனத்துல ஆராய்ச்சி பண்ணின டாட் வெல்டி 2002-ல மியூனிக்ல நடந்த ஆடியோ எஞ்சினியரிங் சொசைட்டி மாநாட்டுல ஒரு கட்டுரை வாசிச்சார். எத்தனை ஊஃபர் இருந்தாப் போதும்ங்கிறதுதான் தலைப்பே. செவ்வக அறையில ஊஃபர்களை எங்கெங்க, எத்தனை வச்சா இருக்கைக்கு இருக்கை வித்தியாசம் குறையும்னு கணக்குப் போட்டுப் பாத்தார். நாலு சுவருக்கும் நடுவுல ஒண்ணொண்ணு, ஆக நாலு வச்சா ரொம்ப நல்லா இருக்கும். அதுக்கு மேல அடுக்கினா பெரிய பலன் இல்லை. எதிரெதிர்ச் சுவர் நடுவுல ரெண்டு வச்சாலே கிட்டத்தட்ட அதே பலன். நாலு வாங்க வசதி இல்லாத நமக்கு இந்தக் கடைசி வரி பால் வார்த்த மாதிரி.

இங்க ஒரு நியாயமான கேள்வி வரும். "அம்மன் கோவில் கொடைக்கு ரேடியோ செட் போடுறவங்க பாஸ் பெட்டியை எல்லாம் ஒரே இடத்துல அடுக்குறாங்களே, அவங்களுக்குத் தெரியாதா?" நல்லாவே தெரியும். அவங்க இருக்கிறது வெட்டவெளி. அங்க மோதித் திரும்பச் சுவர் இல்லை, அண்டாவே இல்லை. பெட்டிகளை ஒட்டி வச்சா ஒண்ணுக்கொண்ணு கை குடுத்து சத்தம் கூடும், ரெண்டு பெட்டிக்கு 6 டெசிபல் வரைக்கும். திடலுக்கு அது சரி. அதே பாடத்தை ஹாலுக்குள்ள கொண்டு வந்து ரெண்டு ஊஃபரையும் டிவிக்குக் கீழ ஜோடியா வச்சா, அது ஒரு பெரிய ஊஃபர் வாங்கின கணக்குதான். சத்தம் கூடும், பள்ளம் அப்படியே இருக்கும்.

கணக்குப்பிள்ளை வேலைக்கு மென்பொருள்

செவ்வக அறை, சுவருக்கு நடுவுல ஊஃபர்... கேக்க நல்லாத்தான் இருக்கு. நம்ம ஹால்ல பின் சுவர் நடுவுலதான் சமையலறைக்கு வாசல் இருக்கும். ஒரு பக்கம் மாடிப்படி, இன்னொரு பக்கம் பூஜை அலமாரி. ஹாலும் சாப்பிடுற இடமும் சுவர் இல்லாம 'ட' வடிவத்துல ஒட்டியிருக்கும். "அந்த மூலையில வேணா வச்சுக்கோ"ன்னு வீட்டுல ஒரு மூலை ஒதுக்கிக் குடுப்பாங்க, அங்கதான் வைக்க முடியும். வெல்டி சொன்ன இடத்துல வைக்க வீட்டை இடிச்சுத்தான் கட்டணும்.

இதுக்கும் வழி சொன்னாங்க. 2006-ல வெல்டியும் ஆலன் டெவான்டியரும் சேந்து அதே சொசைட்டியோட இதழ்ல இன்னொரு கட்டுரை எழுதினாங்க. ஊஃபரை எங்க வேணா வைங்க. ஒவ்வொண்ணுக்கும் தனித்தனியா சத்த அளவு, தாமதம், ஒரு வடிகட்டி, இதை மட்டும் மாத்திப் பாருங்க. எந்தச் சேர்க்கையில எல்லா இருக்கையிலயும் சத்தம் ஒண்ணுபோல வருதோ அதைக் கம்ப்யூட்டரே தேடட்டும்னாங்க.

கையால ஏன் தேட முடியாதுன்னா கணக்கு அப்படி. ஒரு ஊஃபருக்கு சத்த அளவு 10 படி, தாமதம் 20 படின்னு வச்சா 200 விதம். நாலு ஊஃபர்ல ஒண்ணை அசையாம வச்சுட்டு மத்த மூணையும் மாத்தினா 200 x 200 x 200. எண்பது லட்சம் விதம்! குமிழைத் திருகித் திருகி பேரன் காலத்துல முடியும்.

இந்த யோசனையை சாதாரண ஆளுங்க கையில கொண்டு வந்து குடுத்ததுதான் மல்டி-சப் ஆப்டிமைசர்ங்கிற மென்பொருள். சுருக்கமா எம்எஸ்ஓ. விண்டோஸ்ல ஓடும், காசு கிடையாது. கூட வேண்டியது ரூம் ஈக்யூ விசார்ட். அளவெடுக்கிற வேலையை அது பாத்துக்கும், அதுவும் இலவசமாவே கிடைக்குது. காசு செலவு ரெண்டு இடத்துலதான். யூமிக்-1 மாதிரி அளவெடுக்கிற யூஎஸ்பி மைக் ஒண்ணு. ஒவ்வொரு ஊஃபருக்கும் தனித்தனியா தாமதமும் வடிகட்டியும் குடுக்கிற சின்ன டிஎஸ்பி பெட்டி ஒண்ணு. மினிடிஎஸ்பி 2x4 ஹெச்டி இதுக்குப் பேர் போனது. கம்ப்யூட்டர்லேர்ந்தே படம் ஓட்டுறவங்களுக்கு அந்தப் பெட்டியும் வேணாம், ஊஃபர்களுக்குத் தனித்தனியா வெளியீடு குடுக்கிற சவுண்ட் கார்டு இருந்தா ஈக்குவலைசர் ஏபிஓ-ங்கிற இலவச மென்பொருளே போதும்.

வேலை எப்படின்னா:

1. மைக்கை சோபாவுல காது இருக்கிற உயரத்துல நிறுத்துங்க. முதல் ஊஃபரை மட்டும் ஓடவிட்டு, கீழ் சுருதியிலேர்ந்து மேல் சுருதிக்கு ஏறுற சத்தத்தை அனுப்பி அளவெடுங்க. அதை அணைச்சுட்டு ரெண்டாவது ஊஃபர்.

2. மைக்கைப் பாய்க்கு மாத்துங்க. திரும்பவும் ரெண்டு அளவு. அப்புறம் திண்டு, ஓரத்து நாற்காலி... ரெண்டு ஊஃபர், அஞ்சு இருக்கைன்னா பத்து அளவு.

3. எல்லா அளவும் ஒரே நேரக்கணக்குல இருக்கணும். ரூம் ஈக்யூ விசார்ட்ல ஒரு ஸ்பீக்கரை சாட்சியா வச்சு, ஒவ்வொரு அளவுக்கும் முன்னாடி அது ஒரு 'கீச்' சத்தம் போடுற மாதிரி அமைக்கலாம். இதை விட்டுட்டா மீதி எல்லாம் வீண், எந்த அலை முந்துது எது பிந்துதுன்னு எம்எஸ்ஓ-வுக்குத் தெரியாமப் போயிரும். ஒரு மில்லி செகண்டுக்கு சத்தம் 35 சென்டிமீட்டர் போகும்ங்கிறதை ஞாபகம் வைங்க.

4. அளவுகளை எம்எஸ்ஓ-வுக்குள்ள ஏத்தி, ஒவ்வொரு ஊஃபருக்கும் என்னென்ன மாத்தலாம்னு அனுமதி குடுத்துட்டு ஓடவிடுங்க. நீங்க போய் காபி குடிச்சுட்டு வாங்க.

5. அது சொல்ற விடையை டிஎஸ்பி பெட்டியில ஏத்துங்க. திரும்ப மைக்கை வச்சு நிஜமாவே அப்படித்தான் வருதான்னு சரி பாருங்க.

அளவெடுக்கிறதை ராத்திரிக்கு வச்சுக்கோங்க. சாரல் சீசன்ல எங்க ஊர்ப் பக்கம் தகரக் கூரையில மழை விழுற சத்தம், சன்னல் இடுக்குல காத்து, ஃபேன் எல்லாமே மைக்குல ஏறும்.

யாரு முக்கியம்னு அது கேக்கும்

எனக்கு இந்த மென்பொருள்ல ரொம்பப் பிடிச்ச விஷயம் ஒண்ணு. அது எல்லா இருக்கையோட அளவையும் உங்ககிட்டதான் கேக்குது. எந்த இருக்கைக்கு எவ்வளவு எடைன்னும் நீங்கதான் சொல்லணும். சோபா நடுவுக்கு மட்டும் எடையை அள்ளிக் குடுத்தா அது சோபாக்காரருக்குத்தான் வேலை பாக்கும். பாய்க்கும் சம எடை குடுத்தா பாய்க்கும் சேத்துப் பாக்கும். பாயில மைக்கே வைக்கலைன்னா பாய்ன்னு ஒண்ணு இருக்கிறதே அதுக்குத் தெரியாது.

ஹோம் தியேட்டர் பைத்தியம் பிடிச்ச ஆம்பளைங்க (என்னையும் சேத்துத்தான்) இந்த இடத்துலதான் சறுக்குறோம்னு நினைக்கிறேன். வெளிநாட்டு ஆளுங்க எழுதுறதுல 'முக்கிய இருக்கை'ன்னு ஒரு வார்த்தை அடிக்கடி வரும். அங்க தனி அறை, தனி சாய்வு நாற்காலி, தனி ஆள். அவருக்கு அது பொருந்தும். நம்ம ஹால் அப்படியா? பாட்டி கட்டில்ல, பிள்ளைங்க தரையில, அடுப்புல பாலை வச்சுட்டு வாசப்படியில சாய்ஞ்சு நின்னு பாக்குற அம்மா. படம் பாக்கிறதே கூட்டமாத்தான். இதுல ஒரு நாற்காலிக்கு மட்டும் பாஸைச் செதுக்கிட்டு, "எங்க வீட்டு ஹோம் தியேட்டர்"னு சொல்லிக்கிறதுல என்ன நியாயம்? சமையலறை வாசப்படியிலயும் ஒரு அளவு எடுங்கன்னு நான் சொல்றது இதுக்குத்தான். விளையாட்டுக்குச் சொல்லலை.

குற்றாலம் மெயின் அருவியைப் பாருங்க. மேலேர்ந்து வர்ற தண்ணி நேரா மனுஷங்க தலையில விழறதில்லை. நடுவுல பொங்குமாகடல்ங்கிற பள்ளத்துல விழுந்து, வேகம் அடங்கி, பரவி, அப்புறம்தான் கீழ வருது. அதனாலதான் அத்தனை பேர் அடியில நிக்க முடியுது. வீட்டு பாஸும் அப்படிப் பரவி வரட்டுமே!

பக்கத்து வீட்டுக்காரர்

இன்னொரு ஆளும் கணக்குல உண்டு. சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கிறவர்.

ஒரு ஊஃபர் வச்ச வீட்டுல என்ன நடக்கும்? தன் இடத்துல பள்ளம் விழுந்தவர் பாஸ் வரலைன்னு குமிழைக் கூட்டுவார். அவருக்குக் கேக்காது, ஆனா ஊஃபர் நிஜமாவே அவ்வளவு சத்தமும் போட்டுக்கிட்டுத்தான் இருக்கும். அது சுவரைத் தாண்டிப் பக்கத்து வீட்டுக் கட்டிலை ஆட்டும். எல்லா இருக்கையிலயும் சீரா கேட்டா, அந்தக் குமிழைத் தேடிப் போகவே தோணாது.

சட்டம் இருக்கேன்னு நினைக்காதீங்க. 2000-ல வந்த ஒலி மாசு விதிகள்படி குடியிருப்புப் பகுதிக்கு பகல்ல 55, ராத்திரி 10 மணிக்கு மேல 45 டெசிபல்தான் வரம்பு. ஆனா அந்த டெசிபல் 'ஏ' எடை போட்ட டெசிபல். மனுஷக் காதுக்கு பாஸ் மந்தமாக் கேக்கும்ங்கிற அடிப்படையில 40 ஹெர்ட்ஸ்ல ஏறக்குறைய 35-ஐக் கழிச்சுட்டுத்தான் மீட்டர் காட்டும். அதாவது பக்கத்து வீட்டுப் படுக்கையறையில 40 ஹெர்ட்ஸ் 75 டெசிபல்ல முனகிட்டு இருந்தாலும் மீட்டர் 40-ன்னுதான் சொல்லும். சட்டப்படி நீங்க உத்தமர். அவருக்குத் தூக்கம் போச்சு. சட்டம் கண்டுக்காத இடத்துல நாமதான் பாத்து நடந்துக்கணும்.

சில மறுப்புகள், சில எச்சரிக்கைகள்

"என் ரிசீவர்ல ஆட்டோ செட்டப் இருக்கு, மைக்கும் குடுத்திருக்கான், அது போதாதா?" சில ரிசீவர்ல ரெண்டு ஊஃபருக்குத் தனி இணைப்பு இருக்கும். ரெண்டோட தூரத்தையும் அளவையும் சரி பண்ணிட்டு, அப்புறம் ரெண்டையும் ஒண்ணாச் சேத்து ஈக்குவலைஸ் பண்ணும். அது நல்லதுதான், ஆனா இருக்கைக்கு இருக்கை வித்தியாசத்தைக் குறைக்கிறது வேற வேலை. டைராக் நிறுவனத்தோட பாஸ் கன்ட்ரோல் அந்த வேலையைச் செய்யுது, அதுக்குத் தனியா காசு. எம்எஸ்ஓ-வை முதல்ல முடிச்சுட்டு, ரெண்டு ஊஃபரையும் ரிசீவருக்கு ஒரே ஊஃபரா காட்டி, அப்புறம் ஆட்டோ செட்டப்பை ஓடவிடுறது என் கட்சி.

"காது இருக்கும்போது மைக் எதுக்கு?" காது ஒரு நேரத்துல ஒரு இடத்துலதான் இருக்கும். ட்யூன் பண்ண வர்றவரும் சோபாவுல உக்காந்துதான் பண்ணுவார். பாயில படுத்துப் பாத்து ட்யூன் பண்ணினவரை நான் இதுவரைக்கும் பாத்ததில்லை.

"ரெண்டு ஊஃபருக்கு எங்க போக?" கம்பெனிப் பெட்டிதான் வேணும்னு யார் சொன்னது? 4558 ஐசி போட்ட ஃபில்டர் போர்டு, தனி ஆம்ப்ளிஃபையர் போர்டு, ப்ளைவுட் பெட்டின்னு அசெம்பிள் பண்ணித் தர்ற கைகள் தமிழ்நாட்டுல ஊருக்கு ஊர் இருக்கு. பெட்டி அடிக்கிறதுல நம்ம ஆளுங்க கெட்டிக்காரங்க. எம்எஸ்ஓ-வுக்கு ரெண்டு ஊஃபரும் ஒரே மாதிரி இருக்கணும்னு கட்டாயமும் இல்லை. ஒண்ணோட ஒண்ணு ரொம்ப ஏணி வச்சாலும் எட்டாத அளவுக்கு இருக்கக் கூடாது, அவ்வளவுதான்.

ரெண்டாவது ஊஃபருக்கு இப்போதைக்கு வழியே இல்லேன்னா, செலவில்லாத ஒரு வித்தை. ஊஃபரைத் தூக்கி நீங்க உக்காருற இடத்துல வைங்க. பாஸ் உள்ள பாட்டைப் போடுங்க. நீங்க தரையில தவழ்ந்து சுவர் ஓரமாப் போய்க் கேளுங்க. எங்க சீரா கேக்குதோ அங்க ஊஃபரை வைங்க. போற வழியும் வர்ற வழியும் சத்தத்துக்கு ஒண்ணுதான். வீட்டுல சிரிப்பாங்க, பரவாயில்லை.

எச்சரிக்கைக்கு வர்றேன். எம்எஸ்ஓ கடைசியில ஒரு பிழை எண் காட்டும். குறையக் குறைய நல்லதுன்னு அதைத் துரத்திக்கிட்டே போகக் கூடாது. பிள்ளையை மார்க்கை மட்டும் வச்சு எடை போடுற மாதிரி ஆயிரும். வடிகட்டியை அள்ளிப் போட அனுமதிச்சா, மைக் நின்ன அந்த அஞ்சு புள்ளிக்கு மட்டும் பிரமாதமா ஒரு விடை தரும். நாற்காலியை ஒரு முழம் நகத்தினா விடை தப்பா இருக்கும். ஊஃபருக்கு மூணு நாலு வடிகட்டி போதும், அதுவும் ரொம்பக் கூர்மையா வேணாம். கூட்டுறதுக்குக் கண்டிப்பா ஒரு வரம்பு வைங்க. ஓட்டை வச்ச பெட்டின்னா அது ட்யூன் ஆன சுருதிக்குக் கீழ கூட்டவே கூட்டாதீங்க, கோன் கிழிஞ்சு கையில வந்துரும். ஒரே அளவு சத்தத்துக்கு சுருதி பாதியானா கோன் நாலு மடங்கு தூரம் ஆடணும்.

அப்புறம், இதுல சத்தம் கொஞ்சம் குறைஞ்ச மாதிரி முதல்ல தோணும். அறை தன் பங்குக்குக் கூட்டிக்கிட்டு இருந்த அந்தத் திம்திம் காணாமப் போயிருக்கும்ல. ரெண்டு மூணு படம் பாருங்க. 1995-ல டால்பி ஸ்டீரியோவுல வந்த படம் குருதிப்புனல். அதுலேர்ந்து இன்னைக்கு அட்மாஸ் வரைக்கும் நம்ம ஒலிப்பதிவுக்காரங்க இழைச்சு வச்சிருக்கிற பாஸ்ல எத்தனை விதம் இருக்குன்னு அப்பதான் தெரியும். துப்பாக்கிக்கு ஒண்ணு, தூரத்து இடிக்கு ஒண்ணு, லாரிக்கு ஒண்ணு. ஒரே திம்முல எல்லாத்தையும் அமுக்கிட்டு, "பாஸ் சூப்பர்"னு சொல்லிக்கிட்டு இருந்தோம்.

அடுத்த தடவை கடைக்குப் போனா, எத்தனை இஞ்ச்னு கேக்கிறதுக்கு முன்னாடி நம்ம ஹால்ல எத்தனை பேர், எங்கெங்க உக்காருறாங்கன்னு ஒரு தாள்ல கிறுக்கிட்டுப் போங்க. மீதியை மைக்கும் கம்ப்யூட்டரும் பாத்துக்கும்.

டிஸ்கி: இதைப் படிச்சுட்டு நாலு ஊஃபர் வாங்கி வீட்டுல மண்டகப்படி வாங்கினா கம்பெனி பொறுப்பல்ல. முதல்ல பாய்க்கு ஒரு அளவெடுத்து, பிள்ளைங்களைக் கேக்கச் சொல்லுங்க. சிபாரிசு அங்கேர்ந்து வரும் :-)